ஓமன் பக்கம் போன புயலும் நம் புயல்தான்: வானிலை ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

அரபிக்கடலில் ஒரு சுழற்சி தலைகாட்டினால் நான் முதலில் தேடுவது உங்கள் பதிவுகளைத்தான். டிவியில் செய்தி வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே நீங்கள் சொல்லிவிடுவீர்கள். கடல் எவ்வளவு சூடாக இருக்கிறது, மேலடுக்குக் காற்று சாதகமா, ஐரோப்பியக் கணினிக் கணிப்பு மாடல் எங்கே இழுக்கிறது, அமெரிக்க மாடல் எங்கே தள்ளுகிறது என்று ராத்திரி இரண்டு மணிக்கும் முழித்திருந்து எழுதுகிறீர்கள். இதற்கு யாரும் உங்களுக்குச் சம்பளம் தருவதில்லை. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ உங்களிடமிருந்து ஒரு வரி வரும். "புயல் ஓமன் நோக்கி நகர்கிறது, தமிழகத்துக்குப் பாதிப்பு இல்லை." அதோடு பேச்சு வங்கக்கடலுக்குப் போய்விடும். அந்த வரியை நான் ஓமனில் உட்கார்ந்து படித்திருக்கிறேன்.

2021 அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை. வடக்கு ஓமனின் பாத்தினா கடற்கரையில், சுவைக்கிலிருந்து மலைப் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். ஷாஹீன் புயல் வருகிறது என்று ஞாயிறும் திங்களும் அரசாங்கமே விடுமுறை விட்டிருந்தது. ரூமில் எட்டுப் பேர். கரண்ட் மத்தியானமே போய்விட்டது. யாருடைய போனில் சார்ஜ் இருக்கிறதோ அவரைச் சுற்றித்தான் மற்ற ஏழு பேரும். தூத்துக்குடி தம்பி ஒருவன் தமிழ்ப் பதிவுகளை வாசிப்பான், நான் அதை ஹிந்தியில் சொல்வேன், பக்கத்து ரூம் பங்களாதேஷ் பாய் அதைத் தன் ஆட்களுக்குச் சொல்வார். நீங்கள் தமிழில் எழுதுகிற ஒரு வரி அப்படித்தான் ஒரு கேம்ப் முழுக்கப் போகிறது, இது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அன்றைக்கு உங்களில் பலர் ஓமனைப் பற்றி எழுதத்தான் செய்தீர்கள். பாலைவனக் கரைக்கு ஒரு புயலின் கண், அதாவது அதன் நடு மையம், வந்து சேர்வது எவ்வளவு அபூர்வம் என்று எழுதினீர்கள். உண்மைதான், ஓமன் வளைகுடாவுக்குள் நுழைந்து மேற்கே நகர்ந்து வடக்குக் கரையைக் கடந்த புயலுக்கு முன்னுதாரணம் தேடினால் 1890 வரை போக வேண்டியிருந்தது. சாட்டிலைட் படத்தில் ஒரு பக்கம் வெள்ளை மேகச் சுருள், இன்னொரு பக்கம் காய்ந்த பழுப்பு மலை. அந்தப் படத்தை நானும்தான் சேமித்து வைத்தேன். அதைப் பார்த்து வியந்ததில் ஒரு தப்பும் இல்லை.

ராத்திரி கண் கரையேறியது. மறுநாள் காலை பதிவுகளில் "வலுவிழந்தது", "தாழ்வு மண்டலமாக மாறியது", "முடிந்தது" என்று வந்தது. தம்பி வாசித்தான், நான் ஹிந்தியில் சொன்னேன். மழையும் விட்டிருந்தது. குடிதண்ணீர் கேன் தீர்ந்துபோனதால், ஃபோர்மேன் சொல்லி இரண்டு பேர் பிக்கப்பில் கிளம்பினார்கள். கேம்ப்பிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் வழியில் ஒரு வாதி (மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் காய்ந்த பள்ளம்) குறுக்கே வரும். கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது, நூறு தடவை கடந்த இடம், இறங்கினார்கள். நடுவில் போகும்போது மலைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டதாம், லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. அது தண்ணீர் உருட்டிக்கொண்டு வந்த கல். வண்டி அணைந்துவிட்டது. இரண்டு பேரும் பிக்கப்பின் கூரையில் ஏறி நின்றார்கள். ஊர்க்கார ஓமானிகள் கயிறு போட்டு இழுத்துக் காப்பாற்றினார்கள். திரும்பி வந்த பையனின் உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த கோடு. அவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அண்ணே, முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்களே?"

நான்தான் சொன்னேன். நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன். காற்றைப் பொறுத்தவரை நீங்கள் எழுதியது சரி, ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை. அந்தக் கரையில் ஆளைக் கொல்வது காற்று இல்லை, அதுதான் விஷயம்.

வாதி என்பதை ஆறு என்று தமிழில் சொன்னால் தப்பான படம் மனசில் வரும். காட்டாறு என்றால் கொஞ்சம் கிட்டே வரலாம், அதுவும் போதாது. வருஷம் முழுக்க அது ஒரு மைதானம். கூழாங்கல், இங்கொன்றும் அங்கொன்றுமாக முள்மரம், அந்த நிழலில் ஆடுகள். ரோடு அதற்குள் இறங்கி மறுபக்கம் ஏறும், பல இடங்களில் பாலம் கிடையாது. ஓரத்தில் நீரின் ஆழம் காட்ட ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். நம்மூர் ஆற்றில் வெள்ளம் ஏறுவதைக் கரையில் நின்று பார்க்கலாம், வாதியில் அப்படி இல்லை. மழை பெய்கிற இடம் ஹஜர் மலை, அதன் உச்சி சுமார் 3,000 மீட்டர், பெரும்பாலும் மொட்டைப் பாறை. பெய்த தண்ணீரைக் குடிக்க மண்ணும் இல்லை, மரமும் இல்லை, அப்படியே வழிந்து இறங்குகிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒடுங்கிய சமவெளியில்தான் பர்கா, முசன்னா, சுவைக், கபூரா, சஹம், சோஹார் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே காலடியில் வெள்ளம் வரும். ஓடுகிற வாதியில் வண்டியை இறக்குவது ஓமனில் சட்டப்படியே குற்றம். அந்தச் சட்டம் எதற்கு என்று அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஷாஹீனின் கண் கரையைத் தொட்டது முசன்னா, சுவைக் பக்கம். ஆனால் மழை கொட்டியது இன்னும் வடமேற்கே, கபூராவில், ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல். மஸ்கட்டுக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையே சுமார் 100 மில்லிமீட்டர்தான். காரணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்: தென்மேற்காக நகர்கிற புயலின் வலது பக்கத்தில்தான் கடல்காற்று நேராகக் கரைக்கு வருகிறது, அது மலையில் மோதி மேலே ஏறுகிறது. இவ்வளவு தெரிந்த நீங்கள் வரைபடத்தில் கண் போகும் பாதையை மட்டும் கோடு போட்டுக் காட்டிவிட்டு, அந்தக் கோட்டுக்கு வடக்கே இருக்கிற ஊர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் விட்டதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

இது ஷாஹீன் கதை மட்டும் இல்லை. 2007 ஜூனில் கோனு புயல் வந்தபோது நான் அங்கே இல்லை, ஆனால் பழைய ஆட்கள் இன்னும் "கோனுவுக்கு முன்னே, கோனுவுக்குப் பின்னே" என்றுதான் வருஷத்தைக் கணக்கு சொல்வார்கள். அரபிக்கடலில் சூப்பர் புயல் என்ற நிலையைத் தொட்ட புயல் அது, டெல்லியில் உள்ள இந்திய வானிலை மையத்தின் கணக்கில் மணிக்கு 240 கிலோமீட்டர் காற்று. ஆனால் ஓமனின் கிழக்கு ஓரத்து ராஸ் அல் ஹத் முனையை எட்டும்போது அந்த வலு நன்றாகக் குறைந்துவிட்டிருந்தது. அப்படிக் குறைந்து வந்தும் ஓமனில் ஏறக்குறைய 50 உயிர் போனது, மஸ்கட்டில் குரும் பகுதியெல்லாம் வெள்ளக்காடு. கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலைகள் நின்றுபோய், வெள்ளம் சூழ்ந்த நகரமே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தது. 2024 ஏப்ரலில் புயலே இல்லை, சாட்டிலைட்டில் சுருளும் தெரியவில்லை. ஆனாலும் ஓமனில் சமத் அல் ஷானில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போன வண்டியை வாதி இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாம் யாரும் அந்த வாரம் ஓமனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

குலாப் புயல் ஞாபகம் இருக்கிறதா? 2021 செப்டம்பர் 26 அன்று ஆந்திராவில் கலிங்கப்பட்டினம் அருகே கரையேறியது. மறுநாளே "குலாப் கதை முடிந்தது" என்று நிறைய பேர் எழுதினீர்கள். அதன் மிச்சம் தெலங்கானா, மகாராஷ்டிரா, குஜராத் என்று நடந்தே போய், கட்ச் பக்கம் மறுபடி கடலில் இறங்கி, ஷாஹீன் என்று வேறு பெயரோடு எங்கள் கேம்ப் வாசலுக்கு வந்தது. வங்கக்கடலில் பிறந்த ஒரு சுழற்சி, ஒரு வாரம் கழித்து, அதே தமிழர்களை அக்கரையில் தேடிப் பிடித்தது. "முடிந்தது" என்ற வார்த்தையை எழுதுவதற்கு முன் இந்த ஒரு உதாரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மெகுனு புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மே 25, தெற்கு ஓமனில் சலாலாவுக்கு மேற்கே ரைசூத் பக்கம் கரையைக் கடந்தது. சலாலாவில் ஒரே நாளில் 278 மில்லிமீட்டர், பல வருஷத்து மழை. நாம் அதோடு விட்டுவிட்டோம். அந்தப் புயலின் தண்ணீர் ரூப் அல் காலி பாலைவனத்துக்குள் போய் மணல்மேடுகளுக்கு நடுவே ஏரி ஏரியாகத் தேங்கியது. அக்டோபரில் லுபான் புயல் வந்து இன்னும் ஈரமாக்கியது. லுபான் ஓமன் கொடுத்த பெயர், குந்திரிக்கம் என்று அர்த்தம், கரையேறியது பக்கத்து ஏமனில். அந்த ஈரத்தில் முளைத்த பச்சையில், மனுஷ நடமாட்டமே இல்லாத இடத்தில், பாலைவன வெட்டுக்கிளி தலைமுறை தலைமுறையாகப் பெருகியது. 2020இல் கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் வயலைத் தின்ற கூட்டத்துக்கு விதை அங்கே விழுந்ததுதான். ஒரு புயலைத் தொடர்வது என்றால் இவ்வளவு தூரம் தொடரலாம், நண்பர்களே. கரையைக் கடந்த மணி நேரம் அதில் ஒரு இடைப்பட்ட புள்ளி.

இப்போது நான் உங்களிடம் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நேரம். நீங்கள் "இரவு 11.30" என்று எழுதுவது இந்திய நேரம், ஓமனில் அப்போது மணி பத்து. ஒன்றரை மணி நேர வித்தியாசம், சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அன்றைக்கு எங்கள் ரூமில், கூரைத் தகடு அடித்துக்கொண்ட சத்தத்தில், "இன்னும் எவ்வளவு நேரம்" என்று எட்டுப் பேர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம், பாதிப் பேர் ஒரு கணக்கில், பாதிப் பேர் இன்னொரு கணக்கில். புயல் எந்தக் கரைக்குப் போகிறதோ அந்தக் கரையின் நேரத்தை எழுதுங்கள். பக்கத்திலேயே இந்திய நேரத்தையும் போடுங்கள், ஊரில் இருக்கும் அம்மாவும் மனைவியும் படிக்கிறார்கள்.

ஊர்ப்பெயர் அதே அளவு முக்கியம். "மஸ்கட் அருகே கரையைக் கடக்கும்" என்று படித்ததும் சுவைக்கில் இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். மஸ்கட் எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி. சென்னை அருகே என்று சொல்லிவிட்டு நீங்கள் ஒருநாளும் திண்டிவனத்தை விட மாட்டீர்கள். எண்ணூருக்கும் மாமல்லபுரத்துக்கும் பார்க்கிற வித்தியாசத்தை பர்காவுக்கும் கபூராவுக்கும் பாருங்கள்.

பத்து நாள் முன்னால் ஒரே ஒரு மாடல் ஒரே ஒரு தடவை காட்டிய சிவப்புச் சுருளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடாதீர்கள். அந்த மாடலின் அடுத்த கணக்கீட்டில் அது காணாமல் போகும் என்பது உங்களுக்குத் தெரியும், கேம்ப்பில் இருப்பவருக்குத் தெரியாது. அரபிக்கடலின் மேற்கு ஓரத்தில் இது ரொம்பவே நடக்கும். பாலைவனத்திலிருந்து காய்ந்த காற்று உள்ளே புகுந்தால் நல்ல புயலும் ஒரே நாளில் உதிர்ந்துவிடும். பருவமழை மாதங்களில் ஓமன், சோமாலியா கரையோரம் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது, மேலடுக்குக் காற்றும் புயலைக் கிழித்துவிடும், அதனால்தான் மே, ஜூனிலும் பிறகு அக்டோபர், நவம்பரிலும் மட்டும் வாசல் திறக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் வந்த அஸ்னா மாதிரி விதிவிலக்கு எப்போதாவது வரும், அதுவும் ஓமனை நோக்கி வந்து கடலிலேயே ஓய்ந்தது. இரண்டு தடவை வராத புயலுக்கு ஓடி ஒளிந்தவர் மூன்றாவது தடவை போனை எடுத்துப் பார்க்க மாட்டார்.

காற்றின் வேகத்தைப் போடும்போது அது யார் கணக்கு என்று சொல்லிவிடுங்கள். டெல்லி மையம் 3 நிமிடச் சராசரி எடுக்கிறது, அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் 1 நிமிடச் சராசரி எடுக்கிறது. ஒரே புயலுக்கு இரண்டு எண் வரும், இரண்டும் சரி. ஒரு பதிவில் ஒன்றும் இன்னொன்றில் மற்றதும் வந்தபோது எங்கள் ரூமில் "ஏறுதா இறங்குதா" என்று சண்டையே நடந்தது.

அப்புறம், ஓமனின் வானிலைத் துறை எச்சரிக்கைகளை அரபியிலும் ஆங்கிலத்திலும் விடுகிறது, நேரத்துக்கு விடுகிறது. அதைத் தமிழில் கொண்டுவர உங்களைவிட்டால் ஆள் இல்லை. உங்கள் கணிப்பு அதிலிருந்து வேறுபட்டால் எழுதுங்கள், தப்பில்லை, ஆனால் எந்த ஊரைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள், எந்த ரோட்டை மூடியிருக்கிறார்கள் என்பதை மேலே வைத்துவிட்டு அதற்குக் கீழே எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது கரையைக் கடந்த பிறகு வரும் இரண்டு நாள். "வலுவிழந்தது" என்று எழுதுங்கள், அது உண்மை. அடுத்த வரியிலேயே "வாதியில் இறங்காதீர்கள், மலையடிவாரத்தில் படுக்காதீர்கள்" என்று எழுதுங்கள். ஷாஹீன் வந்த அன்று மஸ்கட்டுக்குப் பக்கத்தில் ருசைல் தொழிற்பேட்டையில், தங்கியிருந்த அறைமேல் மலைச்சரிவு விழுந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆசியாவைச் சேர்ந்தவர்கள் என்று செய்தியில் போட்டார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு ஊரிலிருந்து போன் அடித்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "அந்த ரெண்டு பேர் யாரு?"

அர்பாப், அதாவது முதலாளி, நல்லவராக இருந்தால் வேலையாட்களை முதல்நாளே மேட்டுக்கு மாற்றிவிடுவார். அப்படி இல்லாத கேம்ப்புகளும் உண்டு, அங்கே இருப்பவருக்கு போன்தான் துணை, போனில் தமிழில் வருவது உங்கள் குரல் மட்டும்தான்.

நான் இப்போது ஊரில் இருக்கிறேன். என் மச்சான் சலாலாவில் இருக்கிறான். ஷாஹீனுக்குப் பிறகு இருந்த இரண்டு வருஷத்தில், வெள்ளிக்கிழமைகளில் ஸ்டோர் வண்டியை எடுத்துக்கொண்டு பர்காவிலிருந்து சோஹார் வரை ரோடு வாதிக்குள் இறங்கி ஏறுகிற இடங்களை ஒரு நோட்டில் குறித்தேன். வாதியின் பெயர், பக்கத்து ஊர், பாலம் உண்டா இல்லையா, சுற்றிப் போக வழி உண்டா, கிட்டே மேட்டில் பள்ளிக்கூடமோ மசூதியோ இருக்கிறதா. அங்கே இருப்பவர்கள் பெயரை எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். மே மாதத்துக்கு முன்னால் உங்களில் யாராவது அதை வரைபடமாகப் போட்டுத் தருவதாக இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். சலாலா, மிர்பாத், தாக்கா பக்கம் என்னிடம் ஒன்றும் இல்லை. சூரிலிருந்து ராஸ் அல் ஹத் வரைக்கும் பாதிதான் இருக்கிறது. அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிற தமிழ் ஆட்களை உங்களில் யாருக்காவது தெரிந்தால், அவர்களிடம் கேட்டு அந்தப் பக்கங்களை நிரப்பிக்கொடுங்கள்.

அன்புடன்,
பாத்தினா கரையில் பதினொரு வருஷம் இருந்த ஒருவன்